சமன்குறியின் எல்லை: அடுக்குத் தொடரால் சார்பைக் குறித்தல் – ஏற்காட்டு நண்பகல் நிழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஒரு சார்பை அடுக்குத் தொடராக எழுதும்போது இடப்படும் சமன்குறி நிபந்தனையற்றது அன்று. எந்த இடைவெளியில் அது செல்லும், எத்தனை உறுப்புகளில் நிறுத்தினால் எவ்வளவு பிழை மிஞ்சும் என்னும் இரண்டும் அக்குறியின் பொருளுக்குள் அடங்கியவை. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் சம இரவுபகல் நாளின் நண்பகல் நிழலிலிருந்து அட்சரேகையைக் கணக்கிடும் எளிய சிக்கலைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது. மாதவர் மரபினர் தொடரோடு சேர்த்தே தந்த நிபந்தனையும் இறுதித் திருத்தமும் இந்நோக்கில் மதிப்பிடப்படுகின்றன. தொகையிட முடியாத ஒரு சார்புக்கு அடுக்குத் தொடர் கைகொடுக்கும் முறை, 78ஆம் பாகை நெடுங்கோட்டு அளவையை ஒட்டி இறுதியில் காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அடுக்குத் தொடர், ஒருங்கல் ஆரம், மீதி, நேர்மாறு டேன்ஜென்ட், மாதவர், சங்கு நிழல், ஏற்காடு.

முன்னுரை

இளநிலைக் கணித வகுப்புகளில் டெய்லர், மெக்லாரின் விரிவுகள் பெரும்பாலும் மனனப் பொருளாகவே நின்றுவிடுகின்றன. சைன், கொசைன், மடக்கை, நேர்மாறு டேன்ஜென்ட் ஆகியவற்றின் விரிவுகளை மாணவர் பிழையின்றி எழுதிவிடுகின்றனர். ஆனால் அவ்விரிவின் இடப்பக்கமும் வலப்பக்கமும் எந்த மதிப்புகளுக்குச் சமம் என்று வினவினால் விடை தடுமாறுகிறது. விரிவுக்குப் பின்னால் அடைப்புக்குள் எழுதப்படும் இடைவெளி, தேர்வுத்தாளில் மதிப்பெண் பெறாத ஒட்டுக்குறிப்பாகக் கருதப்படுவதே இதற்குக் காரணம் எனலாம். உண்மையில் அவ்வொட்டுக்குறிப்பை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு கெழு வரிசை மட்டுமே. அது எந்தச் சார்பையும் குறிப்பதாகாது.

சார்பு ஒன்றை எண்களாக்குவதற்குத் தமிழகத்தில் வேறொரு வழி நெடுங்காலம் வழக்கில் இருந்துள்ளது. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்போர் சந்திரனின் இயக்கத்தை 248 வாக்கியங்களில் அடக்கி, எழுத்துகளை எண்களாகக் கொண்டு மனனம் செய்தனர். லாம்ப்டனின் நிலஅளவைப் பணியில் பங்கேற்றவரும் பின்னர்ச் சென்னை வானாய்வுக் கூடத்தில் பொறுப்பு வகித்தவருமான ஜான் வாரன், 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘காலசங்கலித’ நூலில் தமிழகக் கணியர்களின் இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். சோழிகளைத் தரையில் பரப்பி, நினைவிலிருந்த வாய்பாடுகளைக் கொண்டே கிரகணம் கணித்த ஒருவரைப் பற்றிய அவரது குறிப்பு, 1952இல் நியூகபௌர் எழுதிய ‘தமிழ் வானியல்’ கட்டுரைக்கு ஊக்கமாயிற்று. வாய்பாடு என்பது சார்பின் சில மதிப்புகளின் தொகுப்பு. அதன் நுட்பம் தொகுத்தவர் வைத்த வரம்போடு நின்றுவிடும். அடுக்குத் தொடரோ வேண்டிய நுட்பத்தை வேண்டுவோர் தாமே பெறுவதற்கான விதி. அந்த வசதிக்கு விலையாக, விதி எங்கே செல்லும் என்பதையும் உடன் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டரை விரல் நிழல்

பன்னிரண்டு விரல் உயரமுள்ள நேர்க்கோலைச் சமதரையில் நட்டு அதன் நிழலை அளப்பது இந்திய வானியலின் பழைய கருவி; அக்கோல் சங்கு எனப்பட்டது. பகலும் இரவும் சமமாகும் நாளில், ஞாயிறு நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே நிற்கிறது. எனவே அந்நாளின் நண்பகலில் ஓர் ஊரின் உச்சிக்கும் ஞாயிற்றுக்கும் இடையிலுள்ள கோணம் அவ்வூரின் அட்சரேகைக்குச் சமம். நிழலைச் சங்கின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பாகும். அந்நாளைய நண்பகல் நிழலை விஷுவச் சாயை என்று வழங்கினர்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், வட அட்சம் 11.775 பாகையை ஒட்டி அமைந்துள்ளது. மலையின் உயரம் இக்கணக்கில் நுழைவதில்லை. ஞாயிற்றின் தொலைவை நோக்க ஒன்றரைக் கிலோமீட்டர் பொருட்டன்று; தரை சமமாக இருந்தால் போதும். 11.775 பாகையின் டேன்ஜென்ட் 0.20846, அதனைப் பன்னிரண்டால் பெருக்க 2.5015 வருகிறது. அதாவது ஏற்காட்டின் விஷுவச் சாயை ஏறக்குறையத் துல்லியமாக இரண்டரை விரல். மலை ஊர் ஒன்றுக்கு இவ்வளவு முழுமையான எண் அமைந்தது தற்செயலே. ஆயினும் கணக்கை எழுதிப் பார்ப்பதற்கு இது மிக வசதியானது.

வினா இப்போது தலைகீழாகிறது. நிழல் இரண்டரை விரல் என்று மட்டும் தெரியும், அட்சரேகை என்ன? விகிதம் 5/24. அதனை வ எனக் கொண்டால், கோணத்திற்கான தொடர் பின்வருமாறு அமையும்:

கோணம் = வ − வ³/3 + வ⁵/5 − வ⁷/7 + …

இங்குக் கோணம் ரேடியன் அலகில் உள்ளது. முதல் உறுப்பை மட்டும் கொண்டால் 0.208333 ரேடியன், அதாவது 11.9366 பாகை. இரண்டு உறுப்புகளுக்கு 11.7639, மூன்றுக்கு 11.76842, நான்குக்கு 11.768284. முடிவான மதிப்பு 11.768289 பாகை. இவ்வெண்களைத் தரையில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும். முதல் உறுப்போடு நின்றவர் ஊரைப் பதினெட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே தள்ளிவிடுவார். இரண்டு உறுப்புகளில் பிழை அரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மூன்றில் ஏறத்தாழ 15 மீட்டர். நான்கில் அரை மீட்டர் அளவே.

ஆனால் நான்கு உறுப்புகள் வேண்டுமா? ஞாயிறு ஒரு புள்ளியன்று. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆதலால் நிழலின் நுனி எப்போதும் மங்கியே விழும். நிழலை நூறில் ஒரு விரல் பிழையோடு அளந்தால்கூட, அப்பிழை அட்சரேகையில் 0.046 பாகையாக, தரையில் ஐந்து கிலோமீட்டராக வெளிப்படும். அளவைப் பிழை ஐந்து கிலோமீட்டராக இருக்கும்போது, தொடரின் பிழையை அரை மீட்டருக்குக் குறைப்பதில் பயனில்லை. இரண்டு உறுப்புகளே போதும். எத்தனை உறுப்புகள் என்பதைத் தொடர் தீர்மானிப்பதில்லை, பயன்பாடே தீர்மானிக்கிறது என்பது பாடநூல்களில் அரிதாகவே சொல்லப்படுகிறது.

பழங்கணியர் இந்த அட்சரேகையைக் கணிக்க நேர்மாறு டேன்ஜென்ட் தொடரைப் பயன்படுத்தவில்லை என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. சங்கையும் நிழலையும் கொண்டு கர்ணம் கண்டு, சைன் வாய்பாட்டின் வழியே வில்லைப் பெறுவதே அவர்தம் நடைமுறை. நிழல் கணக்கும் மாதவரின் தொடரும் ஒரே மரபில் வழங்கியவை. இங்கே அவை விளக்கத்தின் பொருட்டு இணைக்கப்பட்டுள்ளன.

தொடரும் அதன் மீதியும்

மேற்கண்ட தொடர் எங்கிருந்து வருகிறது? பள்ளியில் கற்கும் பெருக்குத் தொடரே போதும். பொது விகிதம் −ச² ஆகவுள்ள பெருக்குத் தொடரின் ந உறுப்புகளைக் கூட்டினால், பின்வரும் சமன்பாடு கிடைக்கிறது:

1/(1 + ச²) = 1 − ச² + ச⁴ − … (ந உறுப்புகள் வரை) ± ச²ᐧந/(1 + ச²)

இறுதி உறுப்பில் ச என்பதன் அடுக்கு 2ந ஆகும். இச்சமன்பாட்டில் முடிவிலி எங்கும் இல்லை. ச எந்த மெய்யெண்ணாயினும் இது முற்றிலும் உண்மை. இரு பக்கங்களையும் 0 முதல் வ வரை தொகையிட்டால், இடப்பக்கம் கோணமாகிறது. வலப்பக்கத்தில் தொடரின் முதல் ந உறுப்புகள் வருகின்றன. இறுதி உறுப்பின் தொகையீடு மீதியாக நிற்கிறது. மீதியின் பகுதியிலுள்ள 1 + ச² ஒன்றுக்குக் குறைவதில்லை. எனவே மீதியின் அளவு, வ என்பதன் (2ந + 1) ஆம் அடுக்கை 2ந + 1 ஆல் வகுத்துப் பெறும் எண்ணை மிஞ்சாது.

இவ்வரம்பே முழுச் செய்தியும். வ ஒன்றுக்குக் குறைந்தால் மீதி விரைந்து மறைகிறது. வ ஒன்றாகவே இருந்தால் மீதி 1/(2ந + 1) ஐ மிஞ்சாது. அதுவும் மறையும், ஆனால் மிக மெதுவாக. வ ஒன்றை மிஞ்சினால் மீதி மறையாது, பெருகும். சமன்குறி செல்லும் இடமும் செல்லாத இடமும் இவ்வாறு மீதியிலிருந்து நேரே புலனாகின்றன. முதலிலேயே முடிவிலித் தொடரை எழுதிவிட்டு, உறுப்புறுப்பாகத் தொகையிட்டு, பிறகு அது தகுமா என்று தேடும் வழக்கமான பாடமுறையைவிட இவ்வழி எளிது. வ = 1 என்னும் விளிம்பிற்காக ஏபலின் தேற்றத்தைத் தனியே நாடவும் வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்கு முந்திய நிழல்

வ ஒன்றை மிஞ்சுவது என்பது ஏற்காட்டில் அன்றாடம் நிகழ்வது. சம இரவுபகல் நாளின் காலையில் ஞாயிறு 45 பாகை உயரத்தை எட்டும்வரை சங்கின் நிழல் சங்கைவிட நீளமாகவே இருக்கும். ஏற்காட்டின் அட்சரேகைக்கு அந்த உயரம் நண்பகலுக்கு 2 மணி 55 நிமிடம் முன்னர், அதாவது உள்ளூர்ச் சூரிய நேரப்படி 9 மணி 5 நிமிட அளவில் எய்தப்படுகிறது. அதற்கு முந்திய நிழல் எதனையும் மேற்கண்ட தொடரில் இட்டுக் கோணம் காண முடியாது. 15.36 விரல் நிழலை எடுத்துக்கொண்டால் வ = 1.28. உறுப்புகள் 1.28, 0.699, 0.687, 0.804, 1.025 என்று சிறிது குறைந்தபின் ஏறத் தொடங்குகின்றன. முதல் மூன்று உறுப்புகளோடு நின்றவருக்குத் தொடர் ஒருங்குவதுபோலத் தோன்றும். விரியும் தொடர் முதலில் அடங்கி நடப்பதுண்டு என்பதற்கு இது தக்க சான்று.

கோணம் இல்லாமல் போய்விடவில்லை. ஞாயிறு வானில் நிற்கத்தான் செய்கிறது. தோற்றது குறிப்பீடே. தீர்வு எளிது: நிழலைச் சங்கால் வகுக்காமல், சங்கை நிழலால் வகுத்தால் விகிதம் ஒன்றுக்குக் கீழே இறங்கும். கிடைப்பது நிரப்பு கோணம். அதனை 90 பாகையிலிருந்து கழித்தால் வேண்டிய கோணம் வரும்.

இதே அறிவுறுத்தல் கேரளக் கணித மரபில் தெளிவாகவே இடம்பெற்றுள்ளது. நீலகண்ட சோமயாஜி 1500ஐ ஒட்டி இயற்றிய தந்திரசங்கிரகத்திற்குச் சங்கர வாரியர் செய்த ‘யுக்திதீபிகை’ உரை, நேர்மாறு டேன்ஜென்ட் தொடரைத் தரும் இடத்திலேயே, சைன், கொசைன் ஆகிய இரண்டில் சிறியதையே தொகுதியாகக் கொள்ளவேண்டும் எனப் பணிக்கிறது. அவ்வாறு செய்யாவிடில் எத்தனை முறை கணித்தாலும் பெறும் உறுப்புகளுக்கு முடிவு வாராது என்று காரணமும் கூறுகிறது. இது ஒருங்கலின் இக்கால வரையறை அன்று. ஆயினும் தொடர் எங்கே செல்லும் என்பதைத் தொடரின் பகுதியாகவே கொண்ட நோக்கு இதில் வெளிப்படை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த சங்கமகிராம மாதவருக்கு இத்தொடர் உரியதாக்கப்படுகிறது. ஐரோப்பாவில் கிரிகரி 1671இல் இதனை அறிவித்தார். முன்மை பற்றிய விவாதம் நூல்தோறும் நிகழ்கிறது. நிபந்தனையோடு கூடிய கூற்று என்னும் சிறப்பு அவ்விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை.

ஏன் ஒன்று?

இங்கு ஒரு புதிர் எஞ்சுகிறது. 1/(1 + ச²) என்னும் சார்பு மெய்யெண் கோட்டில் எங்கும் உடைவதில்லை. எத்தனை முறை வேண்டுமாயினும் வகையிடத்தக்கது. 1/(1 − ச) போன்றதாயின் ச = 1 இல் பகுதி சுழியாவதால் தொடர் அங்கே நின்றுபோவது இயல்பு. இங்கோ அத்தகைய தடை எதுவும் கண்ணில் படுவதில்லை. பிறகு தொடர் ஒன்றோடு நிற்பானேன்?

தடை மெய்யெண் கோட்டிற்கு வெளியே உள்ளது. வர்க்கம் −1 ஆகும் கற்பனை எண்ணை ச இற்கு இட்டால் பகுதி சுழியாகிவிடும். கலப்பெண் தளத்தில் அப்புள்ளியும் அதன் எதிர்ப்புள்ளியும் சுழியிலிருந்து சரியாக ஓரலகு தொலைவில் உள்ளன. அடுக்குத் தொடர் ஒருங்கும் பகுதி எப்போதும் மையத்தைச் சுற்றிய வட்டம். அவ்வட்டம் மிக அருகிலுள்ள தடைப்புள்ளி வரை விரிந்து நின்றுவிடும். மெய்யெண் கோட்டில் நடப்பவர் காணாத சுவரை வட்டம் தொட்டுவிடுகிறது. மையத்தை மாற்றினால் ஆரமும் மாறும். மையம் 1 ஆனால் தடைப்புள்ளிகளின் தொலைவு 2 இன் வர்க்கமூலம், அதாவது 1.414; அப்போது வ = 1.28 எளிதாக உள்ளே வந்துவிடும். ஆக, ஒன்பது மணிக்கு முந்திய நிழலுக்கும் அடுக்குத் தொடர் உண்டு. அது வேறு மையத்தைக் கொண்ட வேறு தொடர். ஒரே சார்புக்கு மையந்தோறும் ஒரு தொடர் அமைவதால், ஒரு தொடரைச் சார்பென்றே எண்ணிவிடுவது பிழை.

விளிம்பில் நின்ற மாதவர்

நிழலும் சங்கும் சமமாகும் கணத்தில் வ = 1; கோணம் 45 பாகை. தொடர் 1 − 1/3 + 1/5 − 1/7 + … என்றாகி, பையின் காற்பங்கைத் தருகிறது. கணக்கிடுவோருக்கு இது ஏறக்குறையப் பயனற்ற தொடர். பத்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.04184 தான் வருகிறது. முதல் தசம இடமே தவறு.

இந்த இடத்தில்தான் மாதவர் மரபின் ஆற்றல் முழுமையாக விளங்குகிறது. உறுப்புகளை மேன்மேலும் கூட்டுவதை விடுத்து, எஞ்சிய மீதியை அவர்கள் மதிப்பிட்டனர். ந உறுப்புகளுக்குப் பின் மீதியின் இடத்தில் இடவேண்டிய திருத்தங்கள் மூன்று தரப்படுகின்றன. முதலாவது 1/(4ந), இரண்டாவது ந/(4ந² + 1), மூன்றாவது, ந² + 1 ஐத் தொகுதியாகவும் ந(4ந² + 5) ஐப் பகுதியாகவும் உடையது. அதே பத்து உறுப்புகளோடு முதல் திருத்தத்தைச் சேர்த்தால் பையின் மதிப்பு 3.14184 ஆகிறது. இரண்டாவது 3.1415902 தருகிறது. மூன்றாவது 3.14159271, பிழை ஒரு கோடியில் ஒரு பங்கிலும் குறைவு. திருத்தமின்றி இந்நுட்பத்தை எட்ட இரண்டு கோடி உறுப்புகள் அளவுக்குக் கூட்டவேண்டியிருக்கும்.

1530ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷை’ இத்தொடருக்கான நிறுவலோடு இத்திருத்தங்களை அடையும் வழியையும் பேசுகிறது. சென்னை மாகாணக் குடிமைப் பணியாளர் சார்லஸ் விஷ் 1834இல் வெளிவந்த கட்டுரையில் யுக்திபாஷை, தந்திரசங்கிரகம், கரணபத்ததி, சத்ரத்னமாலை ஆகிய நான்கு நூல்களையும் சுட்டி இத்தொடர்களை மேலைநாட்டாருக்கு அறிமுகம் செய்தார். அதன்பின் எழுந்த எழுத்துகள் பலவும் தொடரையே முன்னிறுத்தின. தொடரைக் கண்டதைக் காட்டிலும் மீதியைக் கண்டதே அரிய சாதனை என்று கொள்ள இடமுண்டு. தொடர் பெருக்குத் தொடரிலிருந்து இயல்பாகக் கிளைக்கிறது. மீதியின் வடிவமோ தனி நுண்ணறிவைக் கோருகிறது.

விளிம்பைத் தவிர்ப்பதற்கான மற்றொரு வழியையும் அவர்கள் கையாண்டனர். 30 பாகைக்கு வ என்பதன் வர்க்கம் மூன்றில் ஒன்று. எனவே ஒவ்வோர் உறுப்பும் மூன்று மடங்கிற்கு மேல் சுருங்குகிறது. இத்தொடரின் 21 உறுப்புகளே பையைப் பதினோரு இலக்கத் துல்லியத்துக்குத் தந்துவிடும். 9,00,00,00,00,000 விட்டமுடைய வட்டத்திற்குச் சுற்றளவு 28,27,43,33,88,233 என்று மாதவர் பெயரால் வழங்கும் மதிப்பும் இதே அளவு நுட்பமுடையது.

எல்லாச் சார்புக்கும் தொடர் உண்டா?

எல்லா வரிசை வகைக்கெழுக்களும் இருந்துவிட்டால் தொடர் சார்பைக் குறித்துவிடும் என்பது பரவலாகக் காணப்படும் எண்ணம். 1820களில் கோஷி இதனைத் தகர்த்தார். இயல் மடக்கையின் அடிமானத்தை −1/வ² என்னும் அடுக்கிற்கு உயர்த்திப் பெறும் சார்பை எடுத்து, வ சுழியாகும் இடத்தில் அதன் மதிப்பைச் சுழி எனக் கொள்க. அச்சார்பு சுழியருகே அவ்வளவு தட்டையாகப் படிந்திருப்பதால் அதன் எல்லா வகைக்கெழுக்களும் அங்கே சுழியாகின்றன. ஆகவே அதன் மெக்லாரின் தொடரின் எல்லாக் கெழுக்களும் சுழி. தொடர் எங்கும் ஒருங்குகிறது, ஆனால் சுழியாகவே ஒருங்குகிறது. சார்போ சுழியைத் தவிர வேறெங்கும் சுழியன்று. இங்கு ஒருங்கல் ஆரம் முடிவிலி, குறிப்பீடோ ஒரே புள்ளியில் மட்டும். தொடர் ஒருங்குகிறதா என்பதும், சார்பை நோக்கி ஒருங்குகிறதா என்பதும் இருவேறு வினாக்கள். இரண்டாவதற்கு விடை மீதியிடமே உள்ளது. மேலே நேர்மாறு டேன்ஜென்டுக்கு மீதியை வெளிப்படையாக எழுதியதால் இவ்விரு வினாக்களும் ஒருசேரத் தீர்ந்தன.

நெடுங்கோட்டின் நீளம்

அடுக்குத் தொடர் வெறும் மாற்று வடிவம் மட்டும் அன்று. சில சார்புகளுக்கு அதுவே கைக்கெட்டும் வடிவம். இதற்கும் ஏற்காட்டை விட்டு விலக வேண்டியதில்லை. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, பின்னர் 78ஆம் பாகை நெடுங்கோட்டை ஒட்டிய பெருவில்லாக வளர்ந்தது. அக்கோட்டிலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் கிழக்கே உள்ளது. அட்சரேகையைக் கோணமாக அறிவதோடு அளவையாளரின் பணி முடிவதில்லை. நெடுங்கோட்டில் அக்கோணம் எத்தனை கிலோமீட்டர் என்பதே அவர்தம் வினா.

புவி கோளமாயின் கோணத்தை ஆரத்தால் பெருக்கினால் போதும். புவியோ துருவங்களில் சற்றுத் தட்டையானது. நெடுங்கோடு நீள்வட்டமாவதால், அதன் நீளம் (1 − உ) என்பதன் −3/2 ஆம் அடுக்கைத் தொகையிடும் சிக்கலாகிறது. இங்கு உ என்பது, மையத்தொலைத் தகவின் வர்க்கத்தையும் அட்சரேகையின் சைன் வர்க்கத்தையும் பெருக்கியது. இத்தொகையீட்டை வழக்கமான சார்புகள் எவற்றாலும் முடிந்த வடிவில் எழுத இயலாது. ஈருறுப்புத் தொடராக விரித்தால் 1 + (3/2)உ + (15/8)உ² + (35/16)உ³ + … என்று வரும். ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியே எளிதில் தொகையிடத்தக்கது. உ இன் மதிப்பு எந்த அட்சரேகையிலும் 0.0067 ஐ எட்டாமையால் ஒருங்கல் சீரானது. உறுப்புறுப்பாகத் தொகையிட அதுவே உரிமை தருகிறது.

இன்று வழங்கும் 1984ஆம் ஆண்டின் உலகப் புவியளவை முறைமையின் மாறிலிகளைக் கொண்டு, நிலநடுக்கோட்டிலிருந்து ஏற்காடு வரையுள்ள தொலைவைக் கணித்தால் முதல் உறுப்பு 1,302 கிலோமீட்டர் தருகிறது. இரண்டாம் உறுப்பு சேர்ப்பது ஏறத்தாழ 183 மீட்டர். மூன்றாம் உறுப்பு நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மலைப்பாதையின் ஒரு வளைவில் தவறவிடக்கூடிய அளவு அது. ஏற்காட்டிற்கு இரண்டு உறுப்புகளோடு நிறுத்திக்கொள்வதில் எந்த அளவையாளரும் தயங்கமாட்டார்.

இதே தொடரைத் துருவம் வரை கொண்டுசென்றால் நிலைமை மாறுகிறது. மூன்றாம் உறுப்பின் பங்கு அங்கே 314 மீட்டர். நான்காவது உறுப்பே இரண்டு மீட்டருக்கு மேல் சேர்க்கிறது. தொடர் அதுவே, கெழுக்களும் அவையே, ஒருங்கலும் ஐயத்திற்கு இடமற்றது. ஏற்காட்டில் போதுமானது துருவத்தில் போதாமற்போகிறது. மேலும் இங்கு உறுப்புகள் அனைத்தும் மிகைக்குறி உடையவை. நிழல் தொடரில் குறிகள் மாறிமாறி வந்தமையால் விடுபட்ட முதல் உறுப்பே பிழைக்கு வரம்பாயிற்று. இங்கு அவ்வாறு கொள்ள இயலாது. விடுபட்டவை எல்லாம் ஒரே திசையில் சேர்கின்றன. அடுத்தடுத்த உறுப்புகளின் தகவு நூறில் ஒன்றைத் தாண்டாது என்று காட்டி, மீதியை ஒரு பெருக்குத் தொடரோடு ஒப்பிட்டே வரம்பு காணவேண்டும். துருவத்திற்கு மூன்று உறுப்புகளோடு நிறுத்தினால், அவ்வரம்பு 2.1 மீட்டருக்குள் அடங்குகிறது.